கிரிவல வீதியில் ஓர் ஐந்நூறு ரூபாய் நோட்டு

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவல வீதியில் லட்சக்கணக்கான ஜனங்கள் நடந்துகொண்டிருக்கையில், இந்திர லிங்கம் தொடங்கி ஈசானிய லிங்கம் வரையில் இருமருங்கிலும் சாக்கு விரித்தும் தள்ளுவண்டி நிறுத்தியும் கற்பூரம், நெய் விளக்கு, சுண்டல், மோர், ருத்ராட்ச மாலை என்று விற்றுக்கொண்டிருக்கும் எளிய வியாபாரிகளின் சுருக்குப் பைக்குள், பொழுது விடிவதற்குள் வந்து போகும் நோட்டுகளுக்குக் கணக்கில்லை. சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து அந்த ஓர் இரவு வியாபாரத்தை நம்பி வந்து உட்கார்ந்திருப்பவர்களிடம், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்தவர்கள் நின்று வாங்குவது ஒரு நிமிஷம். அதற்குப் பிறகு வாங்கியவரும் விற்றவரும் ஒருவரையொருவர் மீண்டும் சந்திக்கப்போவதே இல்லை. நோட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதற்குப் போதிய வெளிச்சமும் இருப்பதில்லை. பின்னால் காத்து நிற்பவர்களின் அவசரத்தில் அதற்கு அவகாசமும் கிடைப்பதில்லை. கள்ள நோட்டை மாற்றிவிடப் பார்க்கிறவனுக்கு இதைவிட அநுகூலமான இடமும் வேளையும் வாய்ப்பது அரிது.

கள்ள நோட்டு என்றதும் பெட்டி பெட்டியாக அடுக்கிய கட்டுகளும் எல்லைப்புறக் கடத்தலுமே நம் மனத்தில் தோன்றுகின்றன. அவை உண்மைதான், ஆயினும் சாமானியரை வந்து தொடுகிற மோசடி மிகச் சிறிய உருவத்தில்தான் வருகிறது. 20 ரூபாய்க்கு விளக்கு வாங்கிக்கொண்டு 500 ரூபாய்த் தாளை நீட்டுகிறவன், விளக்கோடு 480 ரூபாய் நல்ல சில்லறையையும் வாங்கிக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிடுகிறான். விளக்கின் விலையும் போய், அன்று மாலை முதல் சேர்த்த சில்லறையும் போய், செல்லாத தாள் ஒன்று மட்டும் மிஞ்சுகிறது. இரண்டு மூன்று இரவுகளின் லாபம் ஒரு தாளில் கரைந்துவிடுகிற அந்தக் கடைக்காரரை மனத்தில் வைத்துக்கொண்டுதான், புதிய நோட்டுகளை அறிமுகப்படுத்துவது பற்றிய பெரிய பேச்சுகளையெல்லாம் நாம் எடைபோட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

போலியை எதிர்ப்பதற்கு ஆட்சியாளர்கள் கையாண்டுவரும் உபாயம் நோட்டின் உருவத்தை மாற்றுவது. இது இன்று நேற்று வந்ததன்று. 1861ஆம் வருஷத்துக் காகிதப் பணச் சட்டத்தின்படி கல்கத்தா, பம்பாய், மதராஸ் ஆகிய மூன்று வட்டங்களிலும் இந்திய சர்க்காரின் நோட்டுகள் வெளிவந்தபோது, விக்டோரியா மகாராணியின் சிறிய உருவம் தாங்கி, ஒரு பக்கம் மட்டும் அச்சிடப்பட்டு, இங்கிலாந்தில் கையால் வார்த்த காகிதத்தில் அவை வந்தன. வெகு சீக்கிரத்திலேயே அவற்றுக்குப் போலிகள் ஏராளமாய்ப் புறப்பட்டுவிட்டன. ஆகவே மகாராணியின் உருவம் தாங்கிய நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, 1867 முதல் வர்ணப் பின்னணியும், பின்னிப் பிணைந்த வளைகோட்டுச் சித்திரங்களும், அலைபோன்ற நீர்க்குறியும் கொண்ட வேறொரு வரிசை வெளியாயிற்று. அக்காலத்து ஜனங்கள் தங்கள் அளவிலும் ஒரு காப்பு செய்துகொண்டார்கள். தூரத்து ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டுமானால், நோட்டை இரண்டாகக் கத்தரித்து ஒரு பாதியை முதலில் தபாலில் சேர்ப்பார்கள். அது போய்ச் சேர்ந்தது என்று பதில் வந்த பிறகே மறுபாதியை அனுப்புவார்கள். வழியில் திருடுகிறவனுக்குப் பாதி நோட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை அல்லவா? சர்க்கார் காகிதத்துக்குள் வைத்த காப்பைக் காட்டிலும், ஜனங்கள் தாமே அறிந்து கையாண்ட இந்தக் காப்பு எவ்வளவு எளியது, எவ்வளவு திடமானது என்பதை எண்ணும்போது எனக்கு வியப்பே மேலிடுகிறது.

காகித நோட்டு வருவதற்கு முன்பும், தங்கமும் வெள்ளியும் நாணயமாய் ஓடிய நாளில், அதன் தரத்தை நோக்கித் தீர்ப்புச் சொல்வதற்கென்றே தமிழ்நாட்டில் ஒரு தொழிலாளர் வகுப்பு இருந்தது. வண்ணக்கர் என்று பெயர் பெற்ற அந்த நாணயப் பரிசோதகர்கள் கல்வியிலும் சிறந்திருந்தார்கள் என்பதற்கு, சங்கப் புலவர் வரிசையில் வடம வண்ணக்கன் பேரி சாத்தனார் போன்றோரின் பெயர்களே சாட்சி. இன்று அத்தகைய பரிசோதகர் யாரும் நம் சந்தையில் உட்கார்ந்திருக்கவில்லை. அந்த வேலை சுண்டல் விற்கும் அம்மாளின் தலையிலும் ஆட்டோ ஓட்டும் இளைஞனின் தலையிலும் வந்து விழுந்திருக்கிறது. அதற்கு வேண்டிய பயிற்சியை மட்டும் அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

1935இல் ரிசர்வ் வங்கி ஏற்பட்டு, 1938இல் அதன் முதல் நோட்டாகிய 5 ரூபாய் வெளிவந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஜப்பானியர் உயர்ந்த தரத்தில் போலி நோட்டுகளை அச்சிட்டுப் புழக்கத்தில் விடவே, நோட்டின் நீர்க்குறியும் மாறியது; ஒருபுறமாய்த் திரும்பியிருந்த ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முகம் நேர் முகமாயிற்று; பாதுகாப்பு இழை என்று இன்று நாம் சொல்லும் அந்த மெல்லிய கோடு முதன்முதலாக இந்திய நோட்டுக்குள் புகுந்ததும் அப்போதுதான். சுதந்தரத்துக்குப் பின் அசோகத் தூணின் சிங்கங்கள் மன்னர் இருந்த இடத்துக்கு வந்தன. 1996இல் மகாத்மா காந்தி வரிசை வந்தது. 2005இல் அதற்கே கூடுதலான காப்புகள் சேர்க்கப்பட்டு, அச்சிட்ட வருஷமும் பின்பக்கத்தில் இடம்பெற்றது. வருஷம் அச்சிடப்படாத பழைய நோட்டுகளைத் திரும்பப் பெறப்போவதாக 2014 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தபோது, இந்தக் காரியம் ஆரவாரமின்றி, போதிய அவகாசத்தோடு நடைபெற்றது.

2016 நவம்பர் 8 இரவில் நடந்தது அவ்விதமன்று. அன்று நள்ளிரவு முதல் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரகடனம் செய்யப்பட்டபோது சொல்லப்பட்ட காரணங்களில் கள்ள நோட்டு ஒழிப்பும் ஒன்று. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவிகிதம் ஒரே இரவில் தாளாகிவிட்டது. சில நாட்களுக்குள் புதிய வர்ணத்திலும் புதிய அளவிலும் 500 ரூபாயும் 2000 ரூபாயும் வந்தன. புதிய தாளின் அளவு வேறாக இருந்தபடியால் நாடெங்குமுள்ள ஏடிஎம் இயந்திரங்களைத் திருத்தி அமைக்க வேண்டியிருந்தது. இயந்திரங்களைத் திருத்தினார்கள், மனிதக் கண்களை யார் திருத்துவது? அசல் நோட்டை ஒருமுறையேனும் கையில் வாங்கிப் பார்த்திராத ஜனங்களிடம் போலியைத் தள்ளுவதற்குச் சாமர்த்தியம் ஏதும் தேவைப்படவில்லை. கர்நாடகத்தில் சிக்கமகளூர்ச் சந்தையில் வெங்காயம் விற்ற விவசாயி ஒருவர், 2000 ரூபாய் நோட்டின் வெறும் நகல் தாளை அசலென்றே நம்பி வாங்கிக்கொண்டு போன செய்தி அந்த நவம்பர் மாதத்திலேயே வெளியாயிற்று.

புதிய உருவம் போலிக்காரனைத் தாமதிக்கச் செய்யும், ஆனால் நிறுத்திவிடாது. ரிசர்வ் வங்கியின் வருடாந்தர அறிக்கைகளைப் பார்க்கிறவர்களுக்கு இது தெளிவாகும். புதிய 2000 ரூபாயில் 2016–17ஆம் நிதியாண்டில் வங்கிகளில் பிடிபட்ட போலிகள் 638. அடுத்த ஆண்டிலேயே அது 17,929 ஆயிற்று. புதிய 500 ரூபாயில் 199 என்றிருந்தது 9,892 ஆயிற்று. எல்லா நோட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், 2016–17இல் 7,62,072 ஆக இருந்த எண்ணிக்கை 2022–23இல் 2,25,769 ஆகக் குறைந்திருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் குறைவுக்குப் புதிய வடிவமும் ஓரளவு காரணமாயிருக்கலாம். ஆனால் இவை வங்கிக் கவுண்டர்களுக்கு வந்து சேர்ந்து அகப்பட்டவை மட்டும். போலீஸார் கைப்பற்றியவை இந்தக் கணக்கில் அடங்கா. கை மாறிக் கை மாறி இன்னும் ஓடிக்கொண்டிருப்பவை எந்தக் கணக்கிலும் அடங்கா. 2000 ரூபாய் நோட்டை 2023 மே 19 அன்று திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டார்கள். ஆகவே இன்று போலிக்காரனின் கண்ணெல்லாம் 500 ரூபாயின் மேல்தான்.

அந்த 500 ரூபாயைக் கடையில் மாட்டிய விளக்கின் கீழே சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்போம். முதலில் விரல். நம் நோட்டு மரக்கூழில் செய்த சாதாரணக் காகிதமன்று. பருத்தி நாரினால் ஆனது. ஆகவே அதை விரல்களுக்கிடையே சொடுக்கினால் மொடமொடவென்று ஓசை எழும்பும். வேட்டி மடிப்பில் நனைந்தாலும் கூழாகிப் போகாது. காந்தியடிகளின் உருவத்தையும் வலப்புறத்திலுள்ள அசோகத் தூணையும், செதுக்கிய உலோகத் தகட்டில் மையை நிரப்பி மிகுந்த அழுத்தத்தோடு அச்சிடுவதால், நகத்தால் மெல்ல வருடும்போது மை புடைத்து நிற்பது தெரியும். போலிக்காரனுடைய அச்சு வழவழவென்றிருக்கும். அடுத்து, நோட்டைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். நடுவே மேலிருந்து கீழாக ஓடும் பாதுகாப்பு இழை, தாளுக்குள் மறைந்தும் வெளிப்பட்டும் போகிறது. பச்சையாகத் தெரியும் அது சாய்த்தவுடன் நீலமாக மாறும். கீழே வலப்புறம் ரூபாய்க் குறியோடு உள்ள 500 என்ற எண்ணும் அவ்வாறே பச்சையிலிருந்து நீலமாகும். இந்த மையில் நுண்ணிய செதில்கள் கலந்திருக்கின்றன. ஒளி எந்தக் கோணத்தில் படுகிறதோ அதற்கேற்ப அவை வேறு வர்ணத்தைத் திருப்பி அனுப்புகின்றன. வீட்டிலுள்ள அச்சு இயந்திரத்தாலும் நகல் இயந்திரத்தாலும் ஒரு வர்ணத்தைப் பிடிக்க முடியுமே தவிர, மாறுகிற வர்ணத்தைப் பிடிக்க முடியாது. ஆதலால் இருட்டிலும் அவசரத்திலும் ஒரே ஒரு சோதனைதான் செய்ய அவகாசமுண்டு என்றால், கைப்பேசி விளக்கின் எதிரே நோட்டை ஒருமுறை சாய்த்துப் பார்ப்பதையே நான் சிபாரிசு செய்வேன்.

வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இன்னும் இரண்டு விஷயங்கள் புலனாகும். வலப்பக்க வெற்றிடத்தில் காந்தியடிகளின் நிழலுருவமும் 500 என்ற எண்ணும் தோன்றும். கூழ் ஈரமாக இருக்கும்போதே காகிதத்தின் கனத்தை இடத்துக்கிடம் கூட்டியும் குறைத்தும் உண்டாக்குவது இந்த நீர்க்குறி. போலியில் இதை வெளிர் மையால் மேலே அச்சிட்டிருப்பார்கள். ஆகவே வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்காமலே கூட அது தென்பட்டுவிடும். இடப்பக்கத்தில் துண்டு துண்டாய்க் காணப்படும் கோலங்கள், முன்பக்கத்து அச்சும் பின்பக்கத்து அச்சும் மயிரிழை பிசகாமல் பொருந்தும்போது 500 என்று நிறைவாகப் படிக்கக் கிடைக்கும். பின்பக்கத்தில் செங்கோட்டையின் சித்திரமும், பதினைந்து மொழிகளில் எழுதிய பட்டையும், இடது ஓரத்தில் அச்சிட்ட வருஷமும் உண்டு. அந்தப் பட்டையில் கீழிருந்து மூன்றாவதாக நிற்கிறது நம் தமிழ். நோட்டைத் திருப்பிப் பார்த்து அந்த வரியைப் படிக்கிற பழக்கமே நம்மில் பலருக்கு இல்லை. மங்கிய, கசங்கிய எழுத்தில் தமிழ் வரி இருந்தால் அதுவே சந்தேகிக்க ஒரு காரணமாகும்.

கண் பார்வையற்றோர்க்காகச் செய்திருக்கும் ஏற்பாட்டை விசேஷமாகக் குறிப்பிட வேண்டும். 500 ரூபாயின் இரு ஓரங்களிலும் சாய்வாக ஐந்து கோடுகள் புடைத்திருக்கின்றன. வலப்புறம் வட்டக் குறி ஒன்று இருக்கிறது. 200 ரூபாயில் நான்கு கோடுகளும் அவற்றிடையே இரண்டு வட்டங்களும். 100 ரூபாயில் நான்கு கோடுகளும் முக்கோணமும். நோட்டை இன்னதென்று கைப்பேசி சொல்லிவிடும் மணி என்ற செயலியையும் 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்டிருக்கிறது. ஆனால் அது நோட்டின் மதிப்பைச் சொல்லுமே ஒழிய, அசலா போலியா என்று சொல்லாது. கிரிவல வீதியில் பார்வையற்ற வியாபாரிகளும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது, புடைத்த கோடுகளின் அருமை விளங்கும். பலமுறை கைமாறிய நோட்டில் அந்தக் கோடுகள் தேய்ந்துபோய்விடுகின்றன என்பதும் விசனத்துக்குரியது.

உருவத்தை மாற்றினால் மட்டும் போதாது, அதை ஜனங்களுக்குக் கற்பிக்கவும் வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே கண்கூடான ஓர் உதாரணம் இருக்கிறது. 10 ரூபாய் நாணயம் பல உருவங்களில் வெளிவந்தது; இவற்றில் எது நல்லது எது போலி என்று தெரியாமல், பல ஊர்களில் கடைக்காரர்களும் பேருந்து நடத்துநர்களும் அந்த நாணயத்தையே வாங்க மறுத்துவிட்டார்கள். 14 விதமான வடிவங்களும் செல்லத்தக்கவையே என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்த பிறகும் வெகு காலம் அந்த மறுப்பு நீங்கவில்லை. நல்ல நாணயம் செல்லாக் காசாகி ஏழைகளின் வீட்டு டப்பாக்களில் முடங்கிக் கிடந்தது. எண்ணுக்கு நடுவே நட்சத்திரக் குறி உள்ள நோட்டுகள் போலியென்று 2023இல் ஒரு வதந்தி கிளம்பியது. அச்சில் பழுதான தாளுக்கு மாற்றாக வைக்கப்படும் நோட்டில்தான் அந்தக் குறி இருக்கும், அதுவும் மற்றவற்றைப் போலவே செல்லும் என்று வங்கி விளக்க வேண்டியதாயிற்று. போலியை அசலென்று வாங்குவதாலும் நஷ்டம், அசலைப் போலியென்று தள்ளுவதாலும் நஷ்டம். இரண்டும் வந்து விழுவது ஒரே தலையில்தான்.

அயல் தேசங்கள் வேறு வழியிலும் போய்ப் பார்த்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 1966இல் தசம நாணய முறை வந்த அதே ஆண்டில் புதிய 10 டாலர் நோட்டுக்குப் போலி புறப்பட்டுவிட்டது. அந்த அதிர்ச்சியின் பேரில் அந்நாட்டு மத்திய வங்கியும் விஞ்ஞானிகளும் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 1988இல் பாலிமர் என்னும் பிளாஸ்டிக் தாளில் நோட்டு வெளியிட்டார்கள். நம் அண்டை நாடாகிய இலங்கை, தன் சுதந்தரப் பொன்விழாவை ஒட்டி 1998இல் 200 ரூபாய் நோட்டு ஒன்றை அவ்வாறு அச்சிட்டது. கொச்சி, மைசூர், ஜெய்ப்பூர், சிம்லா, புவனேசுவரம் ஆகிய ஐந்து நகரங்களில் 10 ரூபாயைப் பிளாஸ்டிக்கில் விட்டுப் பார்ப்பதாக இந்தியாவிலும் ஓர் அறிவிப்பு வந்தது. ஆனால் அந்த நோட்டு நம் கைக்கு வந்து சேரவில்லை. தாள் எதுவாயினும், அசலின் லட்சணம் தெரியாதவனிடம் போலி செல்லத்தான் செய்யும்.

இனி, போலி கைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது? வங்கியில் கட்டும்போது அது போலியென்று கண்டால், காசாளர் அதன்மேல் கள்ள நோட்டு என்ற முத்திரையைக் குத்திப் பறிமுதல் செய்துகொண்டு ரசீது ஒன்று கொடுப்பார். நோட்டைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை. அதற்குப் பணமும் கிடைக்காது. ஒரே சமயத்தில் நான்கு தாள்கள் வரை அகப்பட்டால் மாதக் கடைசியில் போலீஸாருக்கு ஒரு தொகுப்பு அறிக்கை போகும். ஐந்தோ அதற்கு மேலோ ஆனால் உடனே புகார் பதிவாகும். கோவில் உண்டியலில் விழுந்த நோட்டுக்கும் இதே விதிதான். பௌர்ணமிக்குப் பின் எண்ணி முடித்து வங்கியில் சேர்க்கும் காணிக்கையில் ஒரு கள்ள நோட்டு இருந்தாலும் அண்ணாமலையாருக்கே அந்த நஷ்டம்.

போலியென்று தெரிந்துகொண்டே அதை அடுத்தவரிடம் தள்ளிவிடுவது மகா அபராதம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 179ஆம் பிரிவு அதற்கு ஆயுள் தண்டனை வரையில் விதிக்கிறது. இந்தச் சட்டத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றைய சம்பாத்தியம் முழுவதையும் ஒரு தாளில் பறிகொடுத்துவிட்டு, வங்கிக்குப் போனால் பணம் போய்விடும், போகாவிட்டால் குற்றவாளியாகிவிடுவோம் என்று இரண்டுக்கும் நடுவே தவிக்கிற ஒரு மூதாட்டியிடம் நேர்மையாக நடந்துகொள்ளும்படி கேட்கும் நாம், அவரைக் காப்பதற்கு என்ன செய்திருக்கிறோம்? உண்மையாக நோட்டை ஒப்படைத்தவருக்கு அதன் மதிப்பில் ஒரு பகுதியையேனும் கொடுக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அப்படிக் கொடுத்தால் போலிக்காரர்களே அதற்கு வந்து நிற்பார்கள் என்ற ஆட்சேபம் பலமானது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். எனவேதான் வேறு வழியில், அதாவது போலி கைக்கு வராமலே தடுக்கும் வழியில், அதிக முயற்சி வேண்டும் என்கிறேன்.

அது பெரிய செலவுள்ள காரியமன்று. ரிசர்வ் வங்கி தன் நோட்டுகளின் அடையாளங்களை விளக்கிப் படங்களும் துண்டுப் பிரசுரங்களும் வெளியிட்டிருக்கிறது. அவை வங்கிச் சுவரில் தொங்குகின்றன, ஆனால் வங்கிக்குள் அடிக்கடி நுழையாதவர்களுக்கே அவை அதிகம் தேவைப்படுகின்றன. கிழக்கு ராஜகோபுரத்தின் அருகிலும் குபேர லிங்கத்தின் அருகிலும் பௌர்ணமி மாலைகளில் வங்கி ஊழியர் இருவர் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்து, அசல் நோட்டையும், போலிகளில் வழக்கமாகக் காணும் குறைகளின் பெரிய படங்களையும் காட்டி, வரும் வியாபாரிகள் ஒவ்வொருவரையும் நோட்டைச் சாய்த்துப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கலாம். புற ஊதா ஒளி விளக்கு ஒன்றையும் அந்த மேஜையில் வைக்கலாம்; சாதாரணக் காகிதம் அதன் கீழே நீலமாகப் பளிச்சிடும், பருத்தித் தாள் மங்கலாகவே இருக்கும். தேவஸ்தானமும் மாநகராட்சியும் வியாபாரிகள் சங்கமும் ஒத்துழைத்தால் இதற்கு ஒரு மாதம் கூட வேண்டாம். மலைமேல் மகாதீபம் ஏற்றும் நாளுக்கு முன்னால் பத்து நாள் உற்சவத்துக்குக் கொடியேறுகிறது; கூட்டம் பெருகுவது அப்போதுதான். இவ்வருஷத்துக் கொடியேற்றத்துக்கு முன்பே இந்த மேஜைகள் போடப்பட்டால், தீபத்துக்கு வரும் கடைக்காரர்கள் ஐந்நூறு ரூபாயைப் பயமின்றி வாங்கலாம்.